தேய்ந்த விரலும் தூக்குமேடையும்

சாக்ரடீசின் நஞ்சுக் கோப்பையை நாம் அறிவோம். 1600-ஆம் ஆண்டிலே ரோமாபுரிச் சதுக்கத்தில் புருனோவைச் சுட்டெரித்த தீயையும் அறிவோம். மேடையேறிப் பேசியிருக்கிறோம், ஏடெடுத்து எழுதியிருக்கிறோம். ஆனால், தோழர்களே, தாமஸ் எய்க்கன்ஹெட் என்ற பெயரைக் கேட்டவர் நம்மிலே எத்தனை பேர்? வரலாற்றைப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்று, இன்று பள்ளியிலே பிள்ளைகளுக்கு அதையே கற்பித்துக்கொண்டிருக்கும் நாமே, சென்ற மே திங்களிலே ஒரு நாள் முழுதும் அந்த ஊர்த் தெருக்களில் நடக்கும்வரை, அந்தப் பெயரைக் கேட்டதில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறோம்.

ஊர், எடின்பரோ. ஸ்காட்லாந்தின் தலைநகரம். அங்கே பல்கலைக்கழகத்தில் பயிலும் நண்பரொருவர் விடுமுறைக்கு அழைத்திருந்தார். "வண்டி வேண்டாம். நடந்தால்தான் இந்த ஊர் வாய் திறக்கும்" என்றார். நடந்தோம்.

என்றோ அணைந்துபோன எரிமலையின் பாறை மீது கோட்டை நிற்கிறது. மன்னர்களின் மணிமுடியையும் வாளையும் காணக் கட்டணம் செலுத்திக்கொண்டு பெருங்கூட்டம் உள்ளே செல்கிறது. நாம் செல்லவில்லை. முடிகளைப் பற்றி நாம் படித்தது போதும். கோட்டை வாயிலுக்கு முன்னே உள்ள பரந்த திடலின் ஓரத்திலே, சுவரில் பதித்த சிறு நீரூற்று ஒன்று இருக்கிறது. பாம்பு நெளிகிறது, இரு பெண்முகங்கள் தெரிகின்றன. சூனியக்காரிகளின் ஊற்று என்று பெயர். சூனியக்காரிகள் எனப் பட்டஞ்சூட்டப்பட்ட பெண்கள் பலரைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலைத் தீயிலிட்ட இடத்துக்கு அருகிலே 1894-இல் வைத்தது. வைக்கச் செய்தவர் பாட்ரிக் கெடிஸ் என்ற அறிஞர். பின்னாளில் நம் நாட்டுக்கு வந்து, மதுரை, தஞ்சை போன்ற ஊர்களின் தெருக்களிலே நடந்து, 1915-இல் அவற்றின் சீரமைப்புக்காக அறிக்கை எழுதிய அதே கெடிஸ்தான்!

சூனியத்துக்கு மரண தண்டனை என்று அந்நாட்டிலே 1563-இல் சட்டம் வந்தது. 1736 வரை அது நின்றது. அந்த நூற்றெழுபது ஆண்டுகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் பெயர்களை எடின்பரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏடுகளிலிருந்து தேடித் திரட்டினார்கள். ஏறத்தாழ 3,800 பேர். பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் ஒருத்தி ஆக்னஸ் சாம்ப்சன். பேறுகாலம் பார்த்த மருத்துவச்சி. மன்னன் ஆறாம் ஜேம்ஸ் டென்மார்க் நாட்டு இளவரசியை மணந்து கப்பலேறித் திரும்பிய காலத்திலே புயல் அடித்தது. கடலிலே புயலடிக்கக் காரணம் வேண்டுமா? கிடைத்தாள் மருத்துவச்சி. வதைத்தார்கள்; 'ஒப்புக்கொண்டாள்'; 1591-இல் இதே இடத்தில் முடித்தார்கள். மன்னனோ 1597-இல் பேய்களைப் பற்றி ஒரு நூலே எழுதி வெளியிட்டான். எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் மட்டுமா மூடநம்பிக்கை குடியிருக்கும்? ஐரோப்பாவிலேயே கல்வி மிக்க மன்னன் என்று பேரெடுத்தவன் அவன்! 2022 மார்ச்சு 8-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கோரினார். அதே ஆண்டு மே திங்களில் அந்நாட்டுத் திருச்சபையும் கோரியது. நானூறு ஆண்டு தாழ்த்துத்தான், என்றாலும் கோரினார்கள்.

திடலைவிட்டு இறங்கும் தெருவுக்கு ராயல் மைல் என்று பெயர். சற்றுத் தொலைவிலே, உயர் நீதிமன்றத்தின் முன்னே, கிரேக்க ஞானிபோல் மேலாடை போர்த்து அமர்ந்திருக்கிறார் டேவிட் ஹியூம். 1711-இல் இதே ஊரிலே பிறந்தவர். அற்புதங்களைப் பற்றி 1748-இல் அவர் எழுதிய கட்டுரை பகுத்தறிவாளர்க்கெல்லாம் பழகிய ஒன்று. செத்தவன் எழுந்தான் என்று ஒருவன் வந்து சொன்னால், இயற்கையின் நியதி தவறியது என்று நம்புவது எளிதா, சொன்னவன் ஏமாந்தான் அல்லது ஏமாற்றுகிறான் என்று கொள்வது எளிதா, எடைபோட்டுப் பார் என்றவர். நாம் கல்லூரியிலே முதன்முதல் அதைப் படித்த இரவு உறங்கவில்லை.

அந்தச் சிலையின் வலக்காற் பெருவிரல் மட்டும் பொன்போல் பளபளக்கிறது. மற்ற இடமெல்லாம் பசுமை பாய்ந்த வெண்கலம். "ஏன் இப்படி?" என்று நண்பரைக் கேட்டோம். அவர் விடை சொல்லுமுன்னே விடை நடந்து வந்தது. புத்தகப் பையோடு வந்த மாணவி ஒருத்தி, நிற்காமல், விரலை இருமுறை தேய்த்துவிட்டுப் போனாள். தேர்வுக் காலம்! ஹியூமின் விரலைத் தேய்த்தால் அறிவு வருமாம். தேர்விலே வெற்றி வருமாம். அற்புதத்தை மறுத்தவன் விரலிலே அற்புதம்!

நாம் சிரித்தோம். நண்பர் சிரிக்கவில்லை. "சென்ற திங்கள் தேர்வுக்கு முன்னால் நானும் ஒருமுறை..." என்று இழுத்தார். பகுத்தறிவுப் பாசறையிலே நம்மோடு வளர்ந்தவர் அவர். "தேர்வு எப்படி?" என்றோம். "தேறிவிட்டேன்; அதுதான் தொல்லை" என்றார்.

அங்கிருந்து இருநூறு அடி நடந்தால் செயின்ட் ஜைல்ஸ் என்னும் பெரிய மாதாகோவில். கிறித்தவச் சீர்திருத்தத்தை அந்நாட்டிலே இடிமுழக்கமாய் முழங்கிய ஜான் நாக்ஸ் பேசிய இடம். அதன் வாயிலருகே நடைபாதைக் கற்களைப் பலநிறத்திலே அடுக்கி இதயம்போல் ஓர் உருவம் அமைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் அதன்மேல் துப்பிவிட்டுப் போகிறார்கள். இதுவும் நல்ல சகுனமாம். அங்கே நின்றது நகரச் சிறைச்சாலை. 1817-இல் இடித்துத் தள்ளினார்கள். சிறையின்மீதுள்ள வெறுப்பிலே அன்று துப்பினான் ஏழை. காரணம் மறந்தது, எச்சில் மட்டும் சடங்காக நின்றது. சடங்குகள் பலவற்றின் பிறவிக் கதை இதுதானே!

அந்தச் சிறையிலே 1696-ஆம் ஆண்டு நவம்பரில் அடைபட்டவன் எய்க்கன்ஹெட். மருத்துவர் ஒருவரின் மகன், தாய் தந்தையை இழந்தவன், பல்கலைக்கழக மாணவன், வயது இருபது. கொலையா? களவா? இல்லை. பேசினான்! தோழர்கள் எனக் கருதியவர்களிடம் பேசினான். சமயக் கோட்பாடு மெய்யியலாரின் நீதிபோதனையும் கவிஞரின் கற்பனையும் கலந்த கலவை என்றான். பழைய ஏற்பாடு எஸ்ரா கட்டிய கதை என்றான். 1800-க்குள் கிறித்தவம் அடியோடு மறையும் என்றும் சொன்னானாம். அந்தச் சோதிடம் பலிக்கவில்லை. இருபது வயதுக்கு அந்த வேகம் இயல்பு. கேட்டிருந்த தோழர்களே சாட்சிக்கூண்டேறினார்கள். அவர்களில் மங்கோ கிரெய்க் என்பவன் அவனைப் பழித்து அச்சுப் பிரசுரமே வெளியிட்டான். தன்னைக் கெடுத்த நூல்களைப் படிக்கத் தந்தவனே இன்று தனக்கெதிராகச் சாட்சி சொல்கிறான் என்று முறையிட்டான் எய்க்கன்ஹெட்.

சட்டம் என்ன சொல்லிற்று? 1695-இன் தெய்வ நிந்தனைச் சட்டப்படி முதற்குற்றத்துக்குச் சிறை. மூன்றாம் முறை பிடிபட்டால்தான் மரணம். இவனோ முதன்முறை பிடிபட்டவன். அதனால் என்ன? 1661-இன் பழைய சட்டம் ஒன்று இருந்தது; கடவுளைப் பழித்துரைத்தால் மரணம் என்றது. அதைத் தூசு தட்டி எடுத்தார் அரசு வழக்கறிஞர் சர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். டிசம்பர் 23-இல் விசாரணை. கிறிஸ்துமசுக்கு முதல் நாள் தீர்ப்பு. சனவரி 8-இல் தூக்கு!

புருனோபோல் அவன் நெஞ்சு நிமிர்த்தி நிற்கவில்லை. மனம் வருந்துகிறேன், இளமை கருதி இரங்குங்கள் என்று மனுப் போட்டான். நாம் அவனைக் குறை சொல்லோம். இருபது வயதிலே கயிறு கண்முன் ஆடும்போது நாம் என்ன செய்வோம் என்று எவருக்குத் தெரியும்? அரசர் மன்றம், திருச்சபை பரிந்துரைத்தால் விடுவிப்போம் என்றது. பாதிரிமார் ஓரிருவர் இரங்கியதாகப் பதிவு உண்டு. ஆனால் அந்நாளில் நகரிலே கூடியிருந்த திருச்சபைப் பேரவையோ, நாட்டிலே பெருகும் நாத்திகத்தை அடக்கச் சட்டத்தை வலுவாகச் செலுத்துங்கள் என்று மன்னருக்கு வேண்டுகோள் விடுத்தது. 1697 சனவரி 8-ஆம் நாள், எடின்பரோவுக்கும் லீத் துறைமுகத்துக்கும் இடையே சாலையோரத் தூக்குமேட்டிலே அவனைத் தொங்கவிட்டார்கள். பிரிட்டன் தீவிலே தெய்வ நிந்தனைக்காகத் தூக்கிலிடப்பட்ட கடைசி மனிதன் அவன். கடைசியாக எழுதிய கடிதத்திலே, உண்மையைத் தேடும் வேட்கை ஒவ்வொரு மனிதனுக்கும் பிறவியிலேயே உள்ளது, சிறு வயது முதல் நான் அதைத்தான் தேடினேன் என்ற கருத்தை எழுதிவைத்துவிட்டுப் போனான்.

வளைந்திறங்கும் தெரு வழியாகக் கிராஸ்மார்க்கெட் என்ற பழைய சந்தைத் திடலுக்கு வந்தோம். இன்று உணவுக்கடைகள்; வெளியிலே நாற்காலிகள்; சிரிப்பு. அன்று அங்கே நின்றதும் தூக்குமரம். மன்னன் எங்கள் சபைக்குத் தலைவனாக முடியாது, எங்கள் வழிபாடு எங்கள் மனச்சான்றின்படி என்று நின்ற 'உடன்படிக்கையாளர்' ஏறத்தாழ நூறுபேர் 1661 முதல் 1688 வரை அங்கே உயிர்விட்டனர். அவர்களுக்கான வட்டவடிவ நினைவுக்கல் தரையிலே இருக்கிறது. கொள்கை நமக்கு உடன்பாடல்ல. நெஞ்சுரத்துக்கு வணக்கம் செலுத்தினோம். ஆனால் தோழர்களே, கணக்கைப் பாருங்கள். 1688 வரை மனச்சான்றுக்காகத் தூக்கிலே தொங்கியவர்களின் சபைதான், 1690-இல் அரசுச் சபையாகி, ஏழே ஆண்டுகளிலே ஓர் இளைஞனைத் தொங்கவிட்டது! அந்த அரசு வழக்கறிஞர் ஸ்டூவர்ட் இருக்கிறாரே, அவரும் ஒருகாலத்தில் இந்த உடன்படிக்கையாளருக்காக எழுதியவர். எழுத்துக்காக நாடுகடந்து ஒளிந்து வாழ நேர்ந்தவர். அடிபட்டவன் கைக்கு ஆட்சிக்கோல் வந்ததும் அடித்தான். இதை எம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று அந்த வட்டக்கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தோம். நண்பர் தேநீர் குடிக்கலாம் என்றார், குடித்தோம். விலையைக் கேட்டுத் திகைத்தது தனிக்கதை.

பல்கலைக்கழகத்தின் பழைய கல்லூரிக்கு ஏறி வந்தோம். எய்க்கன்ஹெட் பயின்ற கட்டடம் இப்போது இல்லை. அதே இடத்தில் 1789-இல் தொடங்கி எழுப்பிய மாளிகைதான் இருக்கிறது. முற்றத்துப் படியிலே அமர்ந்தபோது, ஆசிரியர் தொழில் செய்யும் நமக்கு வேறொரு செய்தி நெஞ்சிலே தைத்தது. அந்த இளைஞனைச் சிறையிலடைத்த அதே 1696-இல், ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் மற்றொரு சட்டமும் இயற்றியிருந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பள்ளிக்கூடம் கட்டவேண்டும். நிலக்கிழார்கள் ஆசிரியருக்கு ஊதியம் தரவேண்டும் என்ற சட்டம். ஒரு கையிலே கயிறு. மறு கையிலே பலகை! பைபிளைப் படிக்கட்டும் என்றுதான் பள்ளி வைத்தார்கள். ஆனால் எழுத்தறிந்தவன் ஒரே நூலோடு நிற்பானா? அடுத்த நூலையும் எடுத்தான். 1707-இல் இங்கிலாந்தோடு இணைந்ததால் நாடாளுமன்றம் லண்டனுக்குப் போயிற்று; மறு ஆண்டிலே அரசர் மன்றமும் கலைந்தது. திருச்சபையின் ஆணைக்கு வாளெடுத்து வரும் கை ஊரிலே இல்லாமற் போயிற்று. சபைக்குள்ளேயே மிதவாதப் பாதிரிமார் தலையெடுத்தனர். வணிகம் வளர்ந்தது, சங்கங்களும் விவாத மன்றங்களும் பெருகின. 1768-இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் முதற் பகுதி வெளிவந்ததும் இதே ஊரில்தான். தூக்குமேட்டிலிருந்து கலைக்களஞ்சியத்துக்கு எழுபத்தோராண்டு. ஒரு மனிதனின் ஆயுள் அளவு. தானாக வந்த மாற்றமன்று அது; பள்ளி வைத்தவன் எதிர்பார்த்த மாற்றமுமன்று.

அதற்காக எல்லாம் இனிதே முடிந்தது என்று எண்ணவேண்டா. 1745-இல் ஹியூம் இதே பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் பதவி கேட்டார். நாத்திகன் என்று பாதிரிமார் எதிர்த்தனர், கிடைக்கவில்லை. அடுத்த பத்தாண்டிலே அவரைச் சபை விசாரணைக்கு இழுக்கவும் முயன்றனர். அந்த முயற்சி தோற்றது. எய்க்கன்ஹெட் கழுத்தை இழந்தான். ஹியூம் ஒரு நாற்காலியை இழந்தார். முன்னேற்றம் என்பது இப்படித்தான் நடக்கிறது, நத்தைபோல்.

தெற்குப் பாலத்தைக் கடந்து மீண்டும் பெருந்தெருவுக்கு வந்தால், முனையிலே டிரான் கோவில். 1600-களின் இடையிலே கட்டியது. 1952-இல் வழிபாடு நின்றது. நண்பர் அதைத் தொட்டுக்காட்டிச் சொன்னார். 1696 ஆகஸ்டிலே ஒரு குளிர்ந்த இரவு. எய்க்கன்ஹெட்டும் தோழர்களும் இந்தக் கோவிலைக் கடந்து நடக்கின்றனர். குளிர் தாங்காமல், 'எஸ்ரா நரகம் என்றானே, அங்கே இருந்தாலாவது குளிர்காயலாம்' என்ற பொருளிலே அவன் வேடிக்கையாகச் சொன்னான். அந்தப் பேச்சும் வழக்கிலே சாட்சியமாக ஏறியது. நாம் கோவிலை நிமிர்ந்து பார்த்தோம். மாணவர்கள் குளிரிலே சொல்லும் கேலி, எந்த ஊரிலே இல்லை?

பிற்பகலிலே வடபாலம் கடந்து புதுநகருக்கு வந்தோம். 1767-இல் வரைபடம் தீட்டிய, நேர்கோட்டுத் தெருக்களும் சதுக்கங்களுமான பகுதி. ஹியூம் தம் கடைசி ஆண்டுகளை அங்கேதான் கழித்தார். அவர் வீட்டுத் தெருவுக்குச் 'செயின்ட் டேவிட் தெரு' என்று பெயர். யாரோ குறும்பாகச் சுவரிலே சுண்ணக்கட்டியால் எழுதிய பெயர் நிலைத்துவிட்டதாம். பணிப்பெண் பதறி ஓடிவந்து சொன்னபோது, என்னைவிட நல்லவர்களையெல்லாம் புனிதராக்கியிருக்கிறார்கள், விடு என்றாராம் ஹியூம். கதையாகவும் இருக்கலாம். நாத்திகனைப் புனிதனாக்கிய தெருப்பலகை மட்டும் கதையன்று, கண்ணால் கண்டோம்.

கால்டன் குன்றின் அடியிலே பழைய இடுகாடு. அங்கே வட்டக் கோபுரம்போல் ஹியூமின் கல்லறை. 1776 ஆகஸ்டு 25-இல் இறந்தார். அதற்கு முந்திய திங்களிலே எழுத்தாளர் பாஸ்வெல், நாத்திகன் சாகும்போதாவது நடுங்குவானா என்று பார்க்கவே போனார். ஹியூம் நடுங்கவில்லை. பிறப்பதற்கு முன் நான் இல்லாததுபற்றிக் கவலையில்லை. இறந்தபின் இல்லாததுபற்றி மட்டும் எதற்குக் கவலை என்ற கருத்திலே புன்னகையோடு பேசினார். நடுங்கியவர் பாஸ்வெல்தான். புதைத்தபின் எவரேனும் கல்லறையைச் சிதைப்பர் என்று அஞ்சி, எட்டு இரவுகள் காவல் வைத்தார்கள். அவர் நண்பர் ஆடம் ஸ்மித், இவர் நல்லவராக வாழ்ந்து அமைதியாக இறந்தார் என்று ஒரு கடிதம் எழுதி வெளியிட்டதற்கே ஏச்சுமழை பொழிந்தது.

அங்கே நின்று பெருமிதப்பட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நண்பர் விடவில்லை. கல்லறையை அடுத்தாற்போல் ஒரு சிலையைக் காட்டினார். ஆபிரகாம் லிங்கன்! அமெரிக்க உள்நாட்டுப் போரிலே போரிட்ட ஸ்காட்லாந்து வீரர்க்காக 1893-இல் எழுப்பியது. லிங்கனின் காலடியிலே, விடுதலை பெற்ற அடிமை ஒருவன் கையை உயர்த்தியிருக்கிறான். "அவன் எந்தப் பக்கம் பார்த்தாலும், பக்கத்திலே இருப்பவர் என்ன எழுதினார் தெரியுமா?" என்றார் நண்பர்.

தெரியாது. கல்லூரியிலே எவரும் சொல்லவில்லை. நாடுகளின் இயல்பு பற்றிய தம் கட்டுரைக்கு 1753-இல் ஹியூம் ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தார். நீக்ரோக்களும், வெள்ளையரல்லாத மற்றெல்லா மனித இனங்களும், இயல்பிலேயே வெள்ளையர்க்குத் தாழ்ந்தவர் என்று ஐயுறுவதாக எழுதினார். வெள்ளை நிறமல்லாத நாகரிக நாடே இருந்ததில்லை என்றார். அந்தக் கணக்கிலே நாமும் அடக்கம், தோழர்களே! வள்ளுவன் பேசிய மொழியிலே பேசிக்கொண்டு அந்தக் கல்லறை முன் நின்ற நமக்கு எப்படி இருந்திருக்கும்? பின்னர்த் திருத்தியபோதும் ஆப்பிரிக்கரைப் பற்றிய இழிசொல்லை அவர் விடவில்லை. சான்றைக் கொண்டு எடைபோடு என்று உலகுக்குச் சொன்னவர், எந்தச் சான்றை எடைபோட்டார்? ஆப்பிரிக்காவிலே கால் வைத்தாரா? இல்லை.

இன்னும் கேளுங்கள். அந்த அடிக்குறிப்பைக் கிழித்தெறிந்தவர் யார்? ஹியூமின் பகுத்தறிவுத் தோழரா? இல்லை. ஜேம்ஸ் பீட்டி என்ற அபர்டீன் பேராசிரியர்; ஆழ்ந்த கிறித்தவர்; ஹியூமின் நாத்திகத்தைத் தகர்க்கவே 1770-இல் நூல் எழுதியவர். பெரு, மெக்சிகோ நாடுகளின் பேரரசுகள் வெள்ளையர் கட்டியவையா என்று கேட்டார். அடிமை விலங்கைப் பூட்டிவிட்டு, அவன் கல்வியிலே சிறக்கவில்லை என்பது என்ன நியாயம் என்று கேட்டார். அந்த ஓர் இடத்திலே, பகுத்தறிவு பக்தனிடம் இருந்தது, பகுத்தறிவாளனிடம் இல்லை. சொல்லக் கசக்கிறது, சொல்லாமல் விட்டால் நாம் எதற்கு இந்தப் பெயரைத் தாங்கவேண்டும்?

2020-இல் பல்கலைக்கழகம் தன் 'ஹியூம் கோபுரம்' என்ற கட்டடத்தின் பெயரை எடுத்துவிட்டு, தெரு எண்ணையே பெயராக வைத்தது. சரியென்றனர் சிலர், தவறென்றனர் சிலர். நம் கருத்தைக் கேட்டார் நண்பர். அற்புதக் கட்டுரையையும் அந்த அடிக்குறிப்பையும் ஒரே வகுப்பிலே, ஒரே நாளிலே பாடம் நடத்துவேன் என்றோம். "விரல்?" என்றார். "விரலைத் தேய்ப்பவன் அடிக்குறிப்பைப் படிக்கமாட்டான்" என்றோம். அதே இடுகாட்டிலே வானை நோக்கி ஒரு கற்கம்பம் நிற்கிறது. வாக்குரிமை கேட்டதற்காக 1793, 1794 ஆண்டுகளிலே நாடுகடத்தல் தண்டனை பெற்ற ஐவரின் நினைவாக எழுந்தது. அதைச் சுற்றிவந்து வெளியேறினோம்.

மாலையிலே லீத் சாலை வழியாகக் கடலை நோக்கி நடந்தோம். எய்க்கன்ஹெட்டைக் கால்நடையாகக் கூட்டிச்சென்ற திசை அதுதான். தூக்குமேடு இப்போது மேடாக இல்லை. அந்த மேட்டு மணலை அள்ளிப் புதுநகர் வீடுகளின் சாந்துக்கு விற்றுவிட்டதாக ஊர் வரலாற்றிலே சொல்கிறார்கள். காலையிலே நாம் கண்ட அந்த ஒழுங்கான சுவர்களின் இடுக்கிலே அந்த மணல் இருக்கிறது போலும். நடந்த வழியில் அவன் பெயரைத் தாங்கிய கல் எதுவும் எம் கண்ணிலே படவில்லை. தெய்வ நிந்தனைக் குற்றத்தையே நீக்கிய சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2021-இல்தான் இயற்றியது. 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அவன் கழுத்திலே கயிறு விழுந்து முந்நூற்று இருபத்தேழு ஆண்டுகள்!

கடற்காற்று எலும்பைத் துளைத்தது. மே திங்கள் என்று பெயர்தான். டிராம் வண்டி நிலையத்திலே சிலர் காத்திருந்தனர். கையை அக்குளிலே திணித்துக்கொண்டு நண்பர் ஆங்கிலத்திலே உரக்கச் சொன்னார்: "இந்தக் குளிருக்கு நரகத்துக்கே போய்க் குளிர்காயலாம்!"

அருகே நின்ற மூதாட்டி ஒருவர் திரும்பிப் பார்த்தார். கழுத்திலே சிறு சிலுவை தொங்கியது. "எனக்கும் ஓர் இடம் பிடித்து வை, தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். வண்டி வந்தது. ஏறிக்கொண்டோம்.